குளிர்காலத்துக்குப் பிந்தைய பிளம்பிங் பரிசோதனைச் சேவை: எதற்குக் கூலி கொடுக்கிறோம்?

குளிர்காலம் முடிந்து வெப்பநிலை உறைநிலைக்கு மேலேயே நிற்கத் தொடங்கியதும், வீட்டின் தண்ணீர்ப் பாதை முழுவதையும் ஒருமுறை சோதித்துத் தரும் பராமரிப்புச் சேவையைப் பிளம்பிங் நிறுவனங்கள் பலவும் ஒரு தொகுப்பாக வழங்குகின்றன. வெளிக்குழாய்கள், முதன்மை வால்வு, வாட்டர் ஹீட்டர், பேஸ்மென்ட் எனப்படும் நிலவறையின் குழியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப், கழிப்பறைத் தொட்டிகள், வடிகால்கள் என்று அந்தத் தொகுப்பின் பட்டியல் யாரிடம் கேட்டாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இந்தப் பருவத்தில் அப்படியொரு சேவையைப் பெற்றேன். அனுபவம் முதிர்ந்த பிளம்பர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் வந்திருந்தார்கள். பட்டியல் எல்லோருக்கும் பொதுவானது என்பதால், வந்த நிறுவனம் எது என்பதைவிட, அந்தப் பட்டியலில் எது கூலிக்குத் தகுந்த வேலை, எது படிவத்தை நிரப்புவதற்கான வேலை என்று பிரித்துச் சொல்வதே இதைப் படிப்பவருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன். கருவி வைத்து அளந்து, பொறுத்திருந்து பார்த்த வேலைகள் ஒவ்வொன்றும் கொடுத்த கூலிக்கு மேலான பயனைத் தந்தன. நின்ற இடத்திலிருந்து பார்த்துவிட்டுக் குறியிட்ட வேலைகளோ நாமே செய்துகொள்ளக்கூடியவை, அல்லது செய்ததாகவே கணக்கில் கொள்ள முடியாதவை.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. பனிக்கட்டி உருவான இடத்திலேயே பைப் வெடிக்கும் என்று பொதுவாக நினைக்கிறோம். பெரும்பாலான சமயங்களில் நடப்பது வேறு. வளர்ந்துகொண்டே வரும் பனிக்கட்டி, தனக்கும் மூடியிருக்கும் குழாய்க்கும் நடுவே அகப்பட்ட தண்ணீரை நெருக்குகிறது. போக்கிடமில்லாத அந்தத் தண்ணீரின் அழுத்தம் ஏறி ஏறி, வழியில் எந்த இடம் பலவீனமாக இருக்கிறதோ அங்கே பைப் பிளக்கிறது. செம்பு பைப் முதலில் புடைத்துப் பிறகு நீளவாக்கில் கிழிகிறது. சிபிவிசி என்ற விறைப்பான பிளாஸ்டிக் பைப் குளிரில் இறுகி விரிசல் விடுகிறது. பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் பைப் ஓரளவு விரிந்துகொடுத்துத் தப்பினாலும் அதன் இணைப்புகளும் தப்பியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. உறைந்திருக்கும்வரை பனிக்கட்டியே அடைப்பானாக நின்று கசிவை மறைத்துவிடுகிறது. ஆகவே சேதம் ஏற்படுவது குளிரின் உச்சத்தில் என்றாலும் அது வெளிப்படுவது பனி இளகிய பிறகுதான். அதிலும், குளிர் தொடங்கும் முன்பே வால்வை மூடிவிட்ட தோட்டப் பக்கத்து பைப் என்றால், மாதங்கள் கழித்து முதன்முதலாகத் தண்ணீரைத் திறந்துவிடும் நேரத்தில்தான் வெளிப்படும். அந்த முதல் திறப்பு யாருடைய கண் முன்னால், எவ்வளவு நிதானமாக நடக்கிறது என்பதில்தான் இந்தச் சேவையின் பெரும்பகுதி மதிப்பு அடங்கியிருக்கிறது.

வந்த பிளம்பர் வேலையை வெளிக்குழாய்களில் தொடங்கியது அவர்மீது எனக்கு நம்பிக்கை ஏற்படக் காரணமாயிற்று. எங்கள் வீட்டில் இருப்பவை உறைவு தாங்கும் வகையைச் சேர்ந்தவை. சாதாரணக் குழாயில் திருகும் இடத்துக்குக் கீழேயே வாஷர் அமர்ந்து தண்ணீரைத் தடுக்கும். இந்த வகையிலோ கைப்பிடி வெளிச்சுவரில் இருந்தாலும், தண்ணீரைத் தடுக்கும் வாஷர் நீண்ட தண்டின் மறுமுனையில், வீட்டின் கதகதப்பான உட்பகுதியில் இருக்கும். மூடிய பிறகு தண்டைச் சுற்றி மிஞ்சும் தண்ணீர் தானாக வடிந்துவிட வேண்டும் என்பதற்காக முழுக் குழலும் வெளிப்பக்கம் சற்றே சரித்துப் பொருத்தப்பட்டிருக்கும். ஹோஸைக் கழற்றாமல் விட்டுவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் வீணாகிறது. வடிய வழியில்லாத தண்ணீர் குழலுக்குள்ளேயே நின்று உறைந்து, சுவருக்குள் இருக்கும் பகுதியைப் பிளந்துவிடுகிறது. அந்தப் பிளவு வாஷருக்கு வெளிப்புறத்தில் இருப்பதால், குழாய் மூடியிருக்கும்வரை ஒரு சொட்டும் கசியாது. செடிகளுக்குத் தண்ணீர் விடலாம் என்று குழாயைத் திறந்த பிறகு, ஒரு பகுதி ஹோஸிலும் மறு பகுதி சுவருக்குள்ளும் பாயத் தொடங்கும். வெளியே நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது.

இதனால்தான் இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். உதவியாளர் பேஸ்மென்ட்டில் சுவரின் உட்பக்கம் டார்ச்சுடன் நிற்க, பிளம்பர் வெளியே குழாயை மெல்லத் திறந்தார். தண்ணீர் சீராக வந்ததும் கட்டைவிரலால் குழாயின் வாயை அடைத்துப் பார்த்தார். வீட்டின் தண்ணீர் அழுத்தத்தை ஒரு விரலால் தடுத்து நிறுத்துவது கடினம். எளிதாக நிறுத்த முடிகிறது என்றால், தண்ணீர் உள்ளே வேறு வழியைக் கண்டுபிடித்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். பல பிளம்பர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் மேலும் ஒரு படி சென்று, குழாயின் வாயில் அழுத்தமானியைத் திருகிவிட்டுக் குழாயை முழுவதுமாகத் திறந்து வைத்தார். வாய் அடைபட்ட நிலையில் குழலின் முழு நீளமும் வீட்டின் அழுத்தத்துக்கு உள்ளாகும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கூட அப்போது உள்பக்கம் ஈரமாகக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் குழாய்களின் குழல்கள் நல்ல நிலையில் இருந்தன. ஆனால் ஒரு குழாயின் தலையில் இருக்கும் வேக்குவம் பிரேக்கரின் பிளாஸ்டிக் மூடி பனியில் விரிசல் விட்டிருந்தது. ஹோஸில் நிற்கும் அழுக்குத் தண்ணீர் குடிநீர் பைப்புக்குள் திரும்பி உறிஞ்சப்படாமல் தடுக்கும் பாகம் அது. அளவில் சிறியது, பொறுப்பில் பெரியது. மாற்றுப் பாகம் அவர்களுடைய வண்டியிலேயே இருந்தது, உடனே மாற்றிக் கொடுத்தார்கள். ஒற்றை ஆளாக வரும் பிளம்பரை அமர்த்துபவர்கள், இந்தச் சோதனையின்போது தாங்களே உள்பக்கம் போய் நிற்பது நல்லது.

அதே அழுத்தமானியைக் கழற்றாமல் வைத்துக்கொண்டு அவர் அடுத்து செய்த சோதனைகளைத்தான் இந்தச் சேவையின் உச்சமாகக் கருதுகிறேன். முதலில் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போது வீட்டின் நிலையழுத்தம் எவ்வளவு என்று பார்த்தார். வீடுகளுக்கு ஏறக்குறைய 3 முதல் 4 பார் (அழுத்தத்தின் அலகு) வரை போதுமானது, 5.5 பாருக்கு மேல், அதாவது 80 பிஎஸ்ஐக்கு மேல் போனால் அழுத்தக் குறைப்பு வால்வு பொருத்த வேண்டும் என்பது பல பிளம்பிங் விதித்தொகுப்புகளில் உள்ள வரம்பு. பனியில் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இணைப்புகளை மிகையான அழுத்தம் எந்நேரமும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால், அழுத்தத்தை அளக்காமல் கசிவைத் தேடுவது பாதி வேலைதான். எங்கள் வீட்டில் அளவு வரம்புக்குள்ளேதான் இருந்தது.

பிறகு தண்ணீர் மீட்டரைப் பார்த்தார். வீட்டுக்குள் தண்ணீர்ப் பயன்பாடு எதுவும் இல்லாத நேரத்தில், மீட்டரின் முகப்பில் உள்ள சிறிய முக்கோணமோ பற்சக்கரமோ அசைகிறதா என்று கவனிப்பது எளிய சோதனை; அசைந்தால் எங்கோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. மிக மெல்லிய கசிவுகளுக்கு அந்தக் குறிகாட்டி அசையாமலும் போகலாம் என்பதால், மீட்டரின் எண்களைக் குறித்துவைத்துவிட்டு ஒரு மணி நேரமாவது தண்ணீரைத் தொடாமல் இருந்து மீண்டும் பார்க்க வேண்டும். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், இதற்குக் கூலி தேவையில்லை. அவர் இதற்கு மேல் செய்ததுதான் அனுபவத்தைக் காட்டியது. வாட்டர் ஹீட்டரை நிறுத்தி, கழிப்பறைத் தொட்டிகளுக்குப் போகும் சிறு வால்வுகளை மூடி, அதன் பிறகு வீட்டுக்கு வரும் தண்ணீரை அடைத்து, உள்ளே அடைபட்ட அழுத்தம் இறங்குகிறதா என்று அழுத்தமானியைக் கவனித்தார். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் சூடேறும் தண்ணீர் விரிந்து அழுத்தத்தை உயர்த்திக் கசிவை மறைக்கும். ஒழுகும் கழிப்பறைத் தொட்டி ஒன்று இருந்தால் பைப்பில் கசிவு இல்லாமலே முள் இறங்கிவிடும். இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்தாமல் செய்யும் அழுத்தச் சோதனை வீட்டுக்காரரைப் பயமுறுத்துவதற்குத்தான் பயன்படும்.

முள் மெதுவாக இறங்கியது. உடனே சுவரை உடைக்க வேண்டும் என்று சொல்லாமல், அவர் தண்ணீரை மீண்டும் திறந்து, பைப் பாதைகளைப் பகுதி பகுதியாக அடைத்துச் சோதித்து, துணி துவைக்கும் அறைக்குப் போகும் கிளையில்தான் இழப்பு என்று கண்டுபிடித்தார். அங்கே வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும் செம்பு பைப்பின் முழங்கை இணைப்பில், உலோகத்தின் மேல் பச்சைப் படிவு இருந்த இடத்தில், தண்ணீர் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. பைப்பைக் குளிரிலிருந்து காக்கும் காப்பு நுரை அதை உறிஞ்சிக்கொண்டிருந்ததால் தரையில் ஈரமே இல்லை. விநாடிக்கு ஒரு சொட்டு என்ற கணக்கில் ஒழுகும் கசிவுகூட ஓர் ஆண்டில் 11,000 லிட்டருக்கு மேல் தண்ணீரை வீணாக்கும். சுவருக்குள் நடக்கும்போது தண்ணீர்ச் செலவைவிட மரச்சட்டமும் பூசணமும்தான் பெரிய இழப்பு. நனைந்த சுவர்ப்பொருள் ஓரிரு நாளுக்குள் உலராவிட்டால் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். கண்பார்வையை மட்டும் நம்பும் எந்தப் பரிசோதனையாலும் இந்தக் கசிவு அகப்பட்டிருக்காது.

அந்த இடத்தை உறுதிசெய்ய அவர்கள் வெப்பப்படக் கருவியையும் எடுத்தார்கள். இந்தக் கருவியைப் பற்றி விளம்பரங்கள் உண்டாக்கும் எதிர்பார்ப்பு மிகையானது என்பதைச் சொல்ல வேண்டும். அது சுவரின் மேற்பரப்பு வெப்பநிலையை மட்டுமே காட்டும். சுவருக்குள் ஊடுருவிப் பார்ப்பதில்லை. ஈரமான இடம் ஆவியாதலால் சற்றுக் குளிர்ந்திருப்பதால் நிறம் மாறித் தெரிகிறது. காப்பு குறைவான இடமும், காற்றுப் புகும் இடுக்கும் அதே நிறத்தில்தான் தெரியும். ஆகவே வெப்பப்படத்தில் சந்தேகம் எழுந்த இடத்தில் ஈரமானியை வைத்துப் பார்த்த பிறகே ஈரம் என்று முடிவுசெய்ய வேண்டும். எங்களுக்கு வந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். படத்தை மட்டும் காட்டிச் சுவரைத் திறக்கச் சொல்பவரிடம் ஈரமானி எங்கே என்று கேளுங்கள்.

முதன்மை வால்வைப் பற்றிய அவருடைய கவனமும் பாராட்டத்தக்கது. பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பல சுற்றுகள் திருகி மூடும் கேட் வால்வு. ஆண்டுக்கணக்கில் அசைக்காமல் விட்டால் படிவு சேர்ந்து இறுகிவிடும், வலிந்து திருகினால் தண்டு உடைந்து பாதியில் நின்றுவிடும். பால் வால்வோ கைப்பிடியைக் கால்சுற்று திருப்பினாலே முழுதாக மூடிவிடும். கைப்பிடி பைப்புக்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். எங்கள் வால்வு கேட் வகைதான். அவர் அதை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து இளக்கினார். முழுதாக மூடியபோதும் சிறு ஓட்டம் தொடர்ந்ததால் அழுத்தச் சோதனைக்கு மீட்டருக்கு முன்னால் இருக்கும் வால்வைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. பைப் வெடிக்கும் நேரத்தில் வீட்டில் உள்ள யாரும் ஓடிப்போய் மூட வேண்டியது இந்த ஒரு வால்வைத்தான். அது மூடாது என்பதைக் குளிர்காலத்துக்கு முன்னால் தெரிந்துகொள்வதற்கும், தண்ணீர் தரையில் ஓடும்போது தெரிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. பால் வால்வாக மாற்றச் சொல்லிப் பரிந்துரைத்தார், ஒப்புக்கொண்டேன். கூடுதல் கூலி கேட்ட வேலைகளில் நான் தயக்கமின்றிச் சம்மதித்தது இது ஒன்றுதான்.

வாட்டர் ஹீட்டர் வேலை எனக்குத் திருப்தியளிக்கவில்லை. தொட்டியின் அடியில் படியும் சுண்ணப் படிவை வெளியேற்றுவது பட்டியலில் இருந்தது, அதை முறையாகச் செய்தார்கள்: மின்சாரத்தை நிறுத்தினார்கள், ஹோஸ் மாட்டி வடித்தார்கள், குளிர்நீரைத் திறந்து கலக்கிக் கலக்கித் தெளியும்வரை விட்டார்கள், தொட்டி நிரம்பியதை உறுதிசெய்த பிறகே மின்சாரத்தைக் கொடுத்தார்கள். தொட்டி நிரம்பும் முன் மின்சாரம் கொடுத்தால் வெப்பக் கம்பி வறண்டு எரிந்துவிடும் என்பதால் இந்த ஒழுங்கு முக்கியமானது. ஆனால் அனோட் கம்பியை அவர்கள் கழற்றிப் பார்க்கவில்லை. தொட்டியின் எஃகு துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னை அரிக்கக் கொடுக்கும் மக்னீசிய அல்லது அலுமினியக் கம்பி அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்து, மெலிந்துபோயிருந்தால் மாற்ற வேண்டும். தொட்டியின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கும் பாகத்தை விட்டுவிட்டு, அடிப்படிவை மட்டும் கழுவி, ஹீட்டர் பராமரிப்பு முடிந்தது என்று படிவத்தில் எழுதுவது சரியல்ல. கேட்டபோது, அது தனிக் கட்டண வேலை என்றார்கள். தனிக் கட்டணம் இருக்கட்டும். அதைப் பதிவு செய்யும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பாதுகாப்பு வால்வு விஷயத்தில் அவர்கள் நடந்துகொண்ட விதம் சரியானது. வெப்பநிலையோ அழுத்தமோ எல்லை மீறினால் தானே திறந்து தொட்டியைக் காப்பாற்றும் இந்த வால்வு, பல ஹீட்டர்களில் 99 டிகிரி செல்சியஸிலோ ஏறக்குறைய 10 பார் அழுத்தத்திலோ திறக்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். அதன் நெம்புகோலைத் தூக்கிச் சோதிக்கும்போது பழைய வால்வு சில சமயம் திரும்ப முழுதாக அமராமல் ஒழுகத் தொடங்கும். எனவே மாற்று வால்வைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிளம்பர் நெம்புகோலைத் தூக்கினார். சூடேறி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தொட்டியின் காற்றழுத்தத்தையும் வீட்டின் தண்ணீர் அழுத்தத்துக்குச் சமமாக நிரப்பிக் கொடுத்தார். தண்ணீரின் வெப்பநிலை அமைப்பைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் தெளிவாக இருந்தது: நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமிகள் பெருகாமல் இருக்கத் தொட்டியில் 60 டிகிரி வேண்டும், ஆனால் அந்தச் சூட்டில் சில விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும், ஆகவே தொட்டியில் 60 டிகிரி வைத்துக் குழாய்க்கு வரும் வழியில் குளிர்நீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் கலப்பு வால்வு பொருத்துவதே குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டுக்கு ஏற்றது. விற்பனைப் பேச்சாக அல்லாமல் காரணத்தோடு சொன்னதால் அதைப் பற்றி யோசிக்கிறேன்.

சம்ப் பம்ப் சோதனைதான் இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி. உதவியாளர் மிதவையைக் கையால் தூக்கினார், மோட்டார் ஓடியது, படிவத்தில் குறி விழுந்தது. பனி உருகி நிலத்தடி நீர் ஏறும் பருவத்தில் பேஸ்மென்ட்டைக் காப்பாற்ற வேண்டிய கருவிக்கு இந்தச் சோதனை போதாது. குழியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மிதவை தானாக எழுந்து பம்ப்பை இயக்குகிறதா, தண்ணீர் வெளியேறியதும் தானாக நிற்கிறதா, வெளியேற்று பைப்பின் மறுமுனையில் உண்மையிலேயே தண்ணீர் வந்து விழுகிறதா, பம்ப் நின்றதும் திருப்பத் தடுப்பு வால்வு தண்ணீரைக் குழிக்குள் திரும்ப விடாமல் பிடிக்கிறதா என்பவை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வெளியேற்று பைப்பின் முனை குளிர்காலம் முழுவதும் பனிக்கடியில் புதைந்திருந்தது. உருகிய சேறும் சருகும் அதை அடைத்திருந்தால், மோட்டார் நன்றாக ஓடுவதாலேயே எந்தப் பயனும் இல்லை. நான் வற்புறுத்திய பிறகு தண்ணீர் ஊற்றிச் சோதித்தார்கள். பம்ப் இயங்கியது, தண்ணீர் வெளியேயும் போனது, ஆனால் பைப்பின் முனை அடித்தளச் சுவருக்கு மிக அருகில் சாய்ந்து கிடந்ததால் வெளியேற்றிய தண்ணீர் அதே குழியை நோக்கித் திரும்ப ஊறிக்கொண்டிருந்தது. முனையைச் சுவரிலிருந்து தள்ளி நீட்டியதும் அது தீர்ந்தது. கூரைத் தண்ணீர் இறங்கும் பைப்களின் முனைகளும் பனியின் கனத்தில் கழன்று கிடந்தன. அவற்றைப் பிளம்பர்கள் தங்கள் வேலையாகக் கருதுவதில்லை. பிற்பகலில் நானே பொருத்திக்கொண்டேன். பம்ப்பின் காப்பு பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழவில்லை, மின்சாரம் தடைப்படுவதும் பெருமழை வருவதும் பெரும்பாலும் ஒரே இரவில்தான் என்றபோதும்.

கழிப்பறைத் தொட்டிகளில் நிறச்சாயம் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பதும், நீண்ட நாள் பயன்படுத்தாத அறைகளின் தரை வடிகால்களில் தண்ணீர் ஊற்றுவதும் நாமே செய்யக்கூடியவை. வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் கழிவுநீர்ப் பாதையின் வாயுவை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது; ஹீட்டிங் ஓடும் குளிர்கால வீட்டின் வறண்ட காற்றில் அது ஆவியாகிவிடும். ஊற்றிய தண்ணீரின் மேல் சிறிது எண்ணெய் விட்டால் ஆவியாதல் தாமதமாகும். சலவை இயந்திரத்தின் ரப்பர் ஹோஸ்களைப் பார்த்து, ஐந்து ஆண்டைக் கடந்தவை என்பதால் எஃகு வலை பின்னிய ஹோஸ்களாக மாற்றச் சொன்னார்கள்; சரியான அறிவுரை. உறையாமல் இருக்கப் பைப்களில் சுற்றியிருந்த வெப்பக் கம்பியின் மின்செருகியைக் கழற்றி, உறை வெடித்திருக்கிறதா என்று நீளம் முழுவதும் தடவிப் பார்த்ததையும் குறிப்பிட வேண்டும். பருவம் முடிந்தும் மின்சாரத்தில் கிடக்கும் பழைய வெப்பக் கம்பி தீ விபத்துக்கு இடம் கொடுக்கும் என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கழிவுநீர் பைப்புக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்ற கூடுதல் பரிந்துரையை நான் ஏற்கவில்லை. உறைந்து இளகும் மண் அசைவதால் புதைந்த பைப்பின் இணைப்புகள் விலகலாம், விலகிய இணைப்பில் ஈரம் தேடி மர வேர்கள் நுழையலாம் என்பது உண்மை. பழைய சுட்டமண் பைப் உள்ள வீட்டில் இது அடிக்கடி நேர்வதும் உண்மை. ஆனால் அதற்கான அறிகுறிகள் இருக்கின்றன: ஒன்றுக்கு மேற்பட்ட வடிகால்கள் ஒரே நேரத்தில் மந்தமாவது, மேலே தண்ணீர் விட்டால் கீழே குமிழிடுவது, முற்றத்தில் ஓரிடம் மட்டும் ஈரமாகவே கிடப்பது. இவற்றில் எதுவும் இல்லாத வீட்டுக்கு ஆண்டுதோறும் கேமரா தேவையில்லை. அறிகுறி உண்டா என்று கேட்காமலே பரிந்துரைத்ததால் நான் மறுத்தேன். வற்புறுத்தவில்லை, அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

தோட்டத் தெளிப்பானைத் திறந்துவிட்ட விதத்தில் பிளம்பரின் நிதானம் மீண்டும் தெரிந்தது. காற்று நிரம்பிக் கிடக்கும் பைப்பில் வால்வைச் சட்டென்று முழுதாகத் திறந்தால், பாய்ந்து வரும் தண்ணீர் முனைகளில் மோதி அதிர்ச்சியழுத்தத்தை உண்டாக்கும்; குளிர்காலம் முழுவதும் தாங்கிய இணைப்பு அந்த ஒரு மோதலில் விலகிவிடக்கூடும். அவர் வால்வைச் சிறிதளவே திறந்து, கடைசித் தெளிப்பான்வரை காற்று வெளியேறும்வரை காத்திருந்து, பிறகுதான் படிப்படியாக முழு ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார். தெளிப்பான் பைப்பின் தண்ணீர் குடிநீர்ப் பாதைக்குத் திரும்பாமல் தடுக்கும் பின்னோட்டத் தடுப்புச் சாதனத்தை இதே வருகையில் சோதித்திருக்கலாம். அதற்குத் தனிச் சான்றிதழ் பெற்றவர் வர வேண்டும் என்றார்கள். அப்படிக் கேட்கும் இடங்கள் உண்டு என்பதால் குறை சொல்வதற்கில்லை.

இறுதியில் அவர்கள் கொடுத்த அறிக்கை, செய்த வேலையின் தரத்துக்குச் சற்றும் பொருந்தவில்லை. அழுத்தம் எத்தனை பார் இருந்தது, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்கியது, பழுது பார்த்த பிறகு நின்ற அளவு என்ன என்பவற்றில் எதுவும் அதில் இல்லை. "நன்று", "கவனம் தேவை" என்ற இரண்டு சொற்களுக்குள் எல்லாமே அடங்கிவிட்டன. எண்கள் இல்லாத அறிக்கையை அடுத்த ஆண்டு எதனோடு ஒப்பிடுவது? நான் கேட்ட பிறகு பிளம்பர் தம் கையேட்டிலிருந்த அளவுகளை அறிக்கையின் பின்பக்கத்தில் கையால் எழுதிக் கொடுத்தார். அந்தப் பின்பக்கம்தான் எனக்கு இப்போது பயன்படும் ஆவணம்.

வெளிச்சுவரை ஒட்டி பைப் செல்லும் வீடு, காப்பு இல்லாத கார் கொட்டகைக்கு மேல் குளியலறை இருக்கும் வீடு, குளிர்காலத்தில் பூட்டிக்கிடந்த வீடு ஆகியவற்றுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பூட்டிக்கிடந்த வீட்டில் வடிகால் வளைவுகளுக்குள் உறைவு தடுக்கும் திரவம் ஊற்றியிருந்தால், அது குடிநீர்ப் பாதைக்கு ஏற்ற புரோபிலீன் கிளைக்கால் வகைதானா என்று கேட்டுவிட்டு, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்ல வேண்டும். பைப்கள் எல்லாம் வீட்டின் உட்சுவர்களில் ஓடும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மீட்டர் சோதனையும் சாயச் சோதனையுமே போதும். அவர்கள் இந்தக் கூலியை மிச்சப்படுத்தலாம்.

குளிர் தொடங்கும் முன் செய்யும் பராமரிப்புக்கும் இதே பிளம்பரையே கேட்டுப் பதிவு செய்திருக்கிறேன். அனோட் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது, சம்ப் பம்ப்பைத் தண்ணீர் ஊற்றியே சோதிப்பது, காப்பு பேட்டரியைச் சுமை கொடுத்துப் பார்ப்பது, அழுத்த அளவுகளை அறிக்கையில் எண்களாக எழுதுவது ஆகிய நான்கையும் வேலை ஆணையிலேயே சேர்க்கச் சொல்லி, நிறுவனத்திடமிருந்து எழுத்து மூலமாக ஒப்புதல் வாங்கிவிட்டேன்.